பாடத்தை ஒப்பிக்கிற பிள்ளை வாசிக்கத் திணறுவது ஏன்?

எட்டு வயது மகனைப் பற்றி ஒரு தாய் கேட்டிருக்கிறார். பையன் மூன்றாம் வகுப்பு. கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்கிறான்; மனக்கணக்கைச் சட்டென்று போடுகிறான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. இரண்டு வரி வாசிப்பதற்குள் தண்ணீர் கேட்கிறான், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்கிறான். சொல்வதை எழுதும் பயிற்சியில் பத்துக்கு இரண்டு, மூன்று. கண் மருத்துவர் பார்வை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் "அறிவு இருக்கிறது, உழைப்பு இல்லை" என்கிறார். வீட்டுப் பெரியவர்கள் "வளர வளரச் சரியாகிவிடும்" என்கிறார்கள். இது டிஸ்லெக்சியாவா (அறிவு இருந்தும் எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு), சோம்பலா, எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் அவருடைய கேள்வி.

உங்கள் மகன் சோம்பேறி இல்லை அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டதை வரி பிசகாமல் சொல்கிறவன், கணக்கை மனத்திலேயே போடுகிறவன், அச்செழுத்தைக் கண்டால் மட்டும் ஒதுங்குகிறான் என்றால் அங்கே அவனுக்கு ஏதோ வலிக்கிறது என்று பொருள். அது டிஸ்லெக்சியாதானா என்று பிள்ளையைப் பார்க்காமல் யாரும் சொல்லக் கூடாது; நானும் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். வாசிப்புச் சிக்கல் உள்ள பிள்ளைகளின் பக்கத்தில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். பத்துக்கு எட்டுத் தப்பு என்ற கணக்கிலிருந்து எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. அந்த எட்டும் எப்படித் தப்பின என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி என் எதிரில் உட்கார்ந்து பாடம் வாசித்தாள். விரல் வரிக்குக் கீழே ஓடியது, குரலில் ஏற்ற இறக்கம் இருந்தது, அம்மாவுக்கு முகமெல்லாம் பெருமை. பக்கத்தைத் திருப்பும்போது இரண்டு தாள்கள் சேர்ந்து புரண்டுவிட்டன. அவள் நிற்கவில்லை. விட்டுப்போன பக்கத்தை அதே ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்கொண்டே போனாள். விரலுக்குக் கீழே வேறு சொற்கள் இருந்தன. அம்மா அதைக் கவனித்துவிட்டார். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. வகுப்பில் மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே அந்தக் குழந்தை புத்தகம் முழுவதையும் மனத்தில் ஏற்றியிருந்தாள். யாரையும் ஏமாற்ற அவள் நினைக்கவில்லை. வாசிப்பது என்றால் இதுதான் என்று நம்பியிருந்தாள்.

ஆகவே பாடப்புத்தகத்தை மூடிவையுங்கள். உங்கள் மகன் பார்த்திராத ஒரு கதையிலிருந்து, அவன் வகுப்புக்குத் தகுந்த ஐந்தாறு வரிகளைப் படமில்லாமல் எழுதிக் கொடுங்கள். படம் இருந்தால் கெட்டிக்காரப் பிள்ளைகள் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். "குதிரை" என்று எழுதியிருக்கும் இடத்தில் படத்தில் கழுதை இருந்தால் "கழுதை" என்று தயங்காமல் வாசிப்பார்கள். அதற்குப் பிறகு, பொருளே இல்லாத சில சொற்களைக் கொடுங்கள்: தோபலி, மிடுகை, நெகூடி, கெசுனா. இவற்றை ஊகிக்கவும் முடியாது, மனப்பாடத்திலிருந்து எடுக்கவும் முடியாது. எழுத்தெழுத்தாக ஒலியைக் கூட்டித்தான் ஆக வேண்டும். நன்றாக வாசிக்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளை சிரித்துக்கொண்டே வாசித்துவிடும். சிக்கல் உள்ள பிள்ளை "தோபலி"யைத் தனக்குத் தெரிந்த "தோழி" ஆக்கிவிடும், அல்லது முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கும். முகத்தைப் பார்க்கிற அந்தப் பார்வையைக் குறித்துக்கொள்ளுங்கள். விடை தாளில் இருக்கிறது என்ற நம்பிக்கை பிள்ளைக்குப் போய்விட்டது. விடையை உங்கள் முகத்தில் தேடுகிறது.

ஏன் இப்படி ஆகிறது? பேச்சு தானாக வருகிறது, வாசிப்பு வருவதில்லை. எழுத்தைப் பார்த்து, அதற்குரிய ஒலியை எடுத்து, ஒலிகளைக் கோத்து, கோத்ததைத் தெரிந்த சொல்லோடு பொருத்த வேண்டும். ஒரு சொல்லைச் சில முறை இப்படிச் சரியாகக் கோத்துவிட்டால் எழுத்தும் ஒலியும் பொருளும் ஒன்றாக முடிச்சிட்டுக்கொள்கின்றன. பிறகு பார்த்த மாத்திரத்தில் சொல் வந்துவிடுகிறது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குப் பேச்சை ஒலிகளாகப் பிரிப்பதும் கோப்பதும் கடினம். அதனால் முடிச்சு விழுவதில்லை. மேல் வரியில் திக்கித் திணறி வாசித்த சொல்லைக் கீழ் வரியில் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்க்கும். பெற்றோர் பொறுமை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். "இப்போதுதானே சொன்னாய்!" என்று கத்தத் தோன்றும். பிள்ளை அடம்பிடிக்கவில்லை, முடிச்சு விழவில்லை.

கண்ணில்தான் கோளாறு என்ற எண்ணம் பழையது. 1880களில் டிஸ்லெக்சியா என்ற சொல்லை உருவாக்கிய ருடால்ஃப் பெர்லின் ஒரு ஜெர்மானியக் கண் மருத்துவர். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பெர்சி சுறுசுறுப்பானவன், கணக்கில் தேறியவன். தன் பெயரையே "ப்ரெசி" என்று எழுத்து மாற்றி எழுதினான், தவறைச் சுட்டிக்காட்டியும் உடனே தெரியவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவன் ஆசிரியர் சொன்னதாக மார்கன் குறித்திருக்கிறார். உங்கள் மகனின் ஆசிரியரும் ஏறக்குறைய அதையேதான் பார்த்திருக்கிறார். அதற்கு உழைப்பின்மை என்று பெயர் வைத்ததுதான் தவறு. கண்ணைப் பரிசோதிக்க வேண்டும், நீங்கள் செய்தது சரி. ஆனால் பார்வை சரியாக இருப்பது வாசிப்புச் சிக்கல் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி எழுதுவதைப் பலரும் பெரிய அடையாளமாக நினைக்கிறார்கள். ஆறு, ஏழு வயது வரை எத்தனையோ பிள்ளைகள் அப்படி எழுதுகிறார்கள், தானே மறைந்துவிடும். ஒருமுறைகூட எழுத்தைத் திருப்பி எழுதாத பிள்ளைக்கும் டிஸ்லெக்சியா இருக்கலாம். இதை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

தமிழில் எங்கே தடுக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிடைக்கிற பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்து எழுதப்பட்டவை. நம்மிடம் 247 எழுத்துகள். உயிரும் மெய்யும் சேர்ந்த 216இல் குறிகள் ஒரே பக்கம் நிற்பதில்லை: துணைக்கால் வலப்பக்கம், கொம்பு இடப்பக்கம், இகரக் குறி மேலே, "கொ" என்றால் இரண்டு பக்கமும். "கெ" என்ற எழுத்தில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்வது மெய்யை. இந்த முரண்பாட்டைச் சாதாரணமாகக் கற்கிற பிள்ளைக்கே பழகக் காலம் வேண்டும். இதேபோன்ற எழுத்துமுறை உள்ள கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வு, எழுத்துகளை முழுமையாகப் பிடித்துக்கொள்வது நான்காம் வகுப்பு வரை நீள்வதைக் காட்டியது. எனவே முதல் வகுப்புப் பிள்ளை "கௌ"வில் தடுமாறினால் அது செய்தியே இல்லை. மூன்றாம் வகுப்பு முடிகிற நேரத்தில் "படம்", "பாடம்" இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால், "குடை"க்கும் "கூடை"க்கும், "எரி"க்கும் "ஏரி"க்கும் வேறுபாடு காணாமல் கடந்துபோனால், அது செய்தி.

இனி எழுத்துப்பிழை. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே வாக்கியத்தைச் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்: "நேற்று மாலை குளத்தில் தாமரை பூத்தது." ஒரு பிள்ளை "நேற்று மாலை குலத்தில் தாமறை பூத்தது" என்று எழுதுகிறது. இன்னொன்று "நெறு மாலை குதளில் தமாரை புதது" என்று எழுதுகிறது. முதல் பிள்ளைக்கு இரண்டு சொற்கள் தவறு. ஆனால் அந்தத் தாளை வாய்விட்டு வாசித்தால் சொன்ன வாக்கியம் அப்படியே கேட்கும். ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் பேச்சில் வேறுபாடு மங்கிப்போனதால் வருபவை, பெரியவர்களுக்கே உண்டு. சொல் சேரும் இடத்தில் "க்", "ச்" விட்டுப்போவதும், பேசுகிறபடியே எழுதிவிடுவதும் இந்த வகைதான். பயிற்சியில் தீரும். இரண்டாம் பிள்ளையின் தாளை வாசித்தால் ஒலியே வேறு. "நேற்று" நெடிலையும் ஒற்றையும் இழந்திருக்கிறது. "குளத்தில்" எழுத்துகள் இடம் மாறியிருக்கின்றன. "தாமரை"யில் துணைக்கால் அடுத்த எழுத்துக்குப் போய்விட்டது. கால் இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும், எந்த ஒலியோடு அது போகிறது என்பது தெரியவில்லை. பெர்சி தன் பெயரில் செய்த பிழையும் இதுதான். அதே தாளில் நான்கு வரி தள்ளி "தாமரை" மறுபடி வந்தால், பெரும்பாலும் வேறொரு மாதிரித் தப்பியிருக்கும். ஒரே சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டால் நான் அங்கே நின்றுவிடுவேன். மதிப்பெண் போடுகிறவருக்கு இந்த இரண்டு தாள்களும் "பிழை" மட்டுமே. எனக்கு இவற்றைவிட வேறுபட்ட இரண்டு தாள்கள் கிடையாது.

ஒலியைப் பிரிக்கும் திறனை எழுத்தில்லாமலே, விளையாட்டாகச் சோதிக்கலாம். "குதிரையில் 'தி'யை எடுத்துவிட்டுச் சொல்" என்றால் "குரை" வர வேண்டும். "பல் என்பதில் 'ப'வுக்குப் பதில் 'க' போடு" என்றால் "கல்"; அதை நீட்டச் சொன்னால் "கால்". எட்டு வயதில் இவை வேடிக்கையாக வர வேண்டும். இன்னும் சின்னப் பிள்ளைகளிடம் மோனையும் எதுகையுமே போதும்: "மயில், மரம், பந்து – எது கூட்டத்தில் சேராது?" நான்கு, ஐந்து வயதில் பாட்டுகளை இராகமாகப் பாடுகிற பிள்ளை, ஒத்த ஒலிகளைப் பிடிக்கவே முடியாமல் இருந்தால் கவனித்து வைப்பது நல்லது. பேச்சு தாமதமாக வந்திருந்தது, சொல்லுக்குள் அசைகளை இடம் மாற்றிச் சொல்வது மற்றவர்களைவிட நீண்ட காலம் நின்றது, தெரிந்த பொருளின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுவது ஆகியவையும் அந்த வயதின் குறிப்புகள். இவற்றுள் எதுவும் தனியாக ஒன்றையும் முடிவு செய்யாது.

குடும்ப வரலாறு மட்டும் கனமான சான்று. பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறப்புக்கோ வாசிப்புச் சிக்கல் இருந்த பிள்ளைகளைப் பற்றி 2016இல் வெளிவந்த தொகுப்பாய்வு, அவர்களில் சராசரியாக 45 விழுக்காட்டினருக்கு டிஸ்லெக்சியா இருந்ததைச் சொல்கிறது. பெற்றோரின் தலைமுறையில் யாருக்கும் பெயர் சூட்டிப் பரிசோதித்திருக்க மாட்டார்கள். ஆகவே "டிஸ்லெக்சியா இருந்ததா?" என்று நான் கேட்பதில்லை. "பிள்ளையின் அப்பாவுக்குப் பள்ளியில் வாசிக்கப் பிடிக்குமா? படிவம் நிரப்ப வேண்டும் என்றால் யாரிடமாவது கொடுப்பாரா?" என்று கேட்பேன். பல முறை, அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த தந்தை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வாய் திறந்திருக்கிறார்.

இன்னொரு வகைப் பிள்ளைகள் எளிதில் நம் கண்ணில் படாமல் தப்பிவிடுகிறார்கள்: தவறில்லாமல் வாசிக்கிறவர்கள், ஆனால் மிக மெதுவாக. ஒலிக்கும் எழுத்துக்கும் தொடர்பு ஒழுங்காக இருக்கும் மொழிகளில் டிஸ்லெக்சியா தவறுகளாக வெளிப்படுவதைவிட வேகக் குறைவாகவே வெளிப்படுகிறது என்பதை ஜெர்மன் பேசும் பிள்ளைகளிடம் ஹைன்ஸ் விம்மர் காட்டினார். தமிழ் எழுத்தும் பெருமளவு ஒழுங்கானதுதான். "பகல்", "தங்கம்" இரண்டிலும் "க" வேறு வேறாக ஒலித்தாலும், இடத்தைப் பார்த்தால் எப்படி ஒலிக்கும் என்று தெரிந்துவிடும். ஆகவே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகச் சரியாகத்தான் வாசிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். வரியின் முடிவுக்கு வரும்போது வரியின் தொடக்கம் அதற்கு மறந்திருக்கும். அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். கேட்டபோது எல்லாவற்றுக்கும் விடை, தானே வாசித்தபோது ஒன்றுக்கும் இல்லை என்றால், சிக்கல் எழுத்தை ஒலியாக்குவதில் இருக்கிறது. கடகடவென்று வாசித்துவிட்டு, நீங்கள் வாசித்தாலும் பொருள் புரியாமல் விழிக்கிற பிள்ளைக்கு மொழி வளத்திலோ புரிதலிலோ வேறு சிக்கல். அதற்கு வேறு உதவி வேண்டும்.

தமிழ் வருகிறது, ஆங்கிலம் மட்டும் வரவில்லை என்றால் உடனே கவலைப்பட வேண்டாம். ஆங்கில எழுத்துக்கூட்டு மிகவும் முறைகேடானது. ஒலிவழியில் யாரும் சொல்லித்தராத பிள்ளை தடுமாறத்தான் செய்யும். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரியான தடுமாற்றம் என்றால் ஆழமாகப் பார்க்க வேண்டும். எந்த மொழியை முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்காமல் செய்கிற பரிசோதனையை நம்பாதீர்கள். நீண்ட காலம் பள்ளிக்குப் போகாதது, பயிற்றுமொழி நடுவில் மாறியது, காதில் நீர் கோத்துப் பல மாதம் சரியாகக் கேட்காமல் இருந்தது ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். காது கேட்கும் திறனைப் பரிசோதித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்துவிடுங்கள். கவனக்குறைவுக் கோளாறு சில பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியாவோடு சேர்ந்தே வரும். ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லை என்று ஆகாது.

தண்ணீர் கேட்பதையும் கழிப்பறையையும் பற்றிச் சொன்னீர்கள். வகுப்பில் ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கும்போது தன் முறை எந்தப் பத்தியில் வரும் என்று தலைகளை எண்ணிக் கணக்கிட்டு, அந்த ஒரு பத்தியை மட்டும் உதட்டுக்குள் ஒத்திகை பார்க்கிற பிள்ளைகளை நான் அறிவேன். நடுவில் ஒரு மாணவன் வராமல் போய்க் கணக்கு பிசகினால் வயிற்றுவலி வந்துவிடும். அந்த வலி உண்மையானது. பையன்கள் மேசையைத் தட்டிக் குறும்பு செய்து வெளியே அனுப்பப்படுவார்கள். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் பின்வரிசையில் உட்கார்ந்து, அழகான கையெழுத்தில் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் அவர்கள் இன்னும் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். பார்த்து எழுதுவது வாசிப்பு ஆகாது. நோட்டு அழகாக இருப்பதைப் பார்த்து யாரும் திருப்திப்பட்டுவிடக் கூடாது.

"வளர வளரச் சரியாகிவிடும்" என்கிற பெரியவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. வாசிக்க முடிகிற பிள்ளை மேலும் வாசித்துச் சொல்வளம் பெறுகிறது, முடியாத பிள்ளை விலகி விலகி அதையும் இழக்கிறது. இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு அகலும். அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநலக் கோளாறுகளின் வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 விழுக்காட்டினருக்கு வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஏதோ ஒரு கற்றல் குறைபாடு இருப்பதாகச் சொல்கிறது. அதை உறுதிசெய்ய, தனிக் கவனத்தோடு கற்பித்தும் குறைந்தது ஆறு மாதம் சிக்கல் நீடித்திருக்க வேண்டும் என்கிறது. அந்த ஆறு மாதம் காத்திருப்பதற்கான காலம் என்று படித்துவிடாதீர்கள். கற்பிப்பதற்கான காலம்.

ஆகவே இரண்டையும் ஒன்றாகத் தொடங்குங்கள். கற்றல் குறைபாட்டில் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரிடமோ உளவியலாளரிடமோ மதிப்பீட்டுக்கு நேரம் கேளுங்கள். வாசிப்பின் துல்லியம், வேகம், பொருளில்லாச் சொல் வாசிப்பு, ஒலிப்பிரிப்பு, எழுத்துப்பிழை இவற்றைப் பார்க்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். நுண்ணறிவு எண்ணை மட்டும் கொடுத்து அனுப்புகிற அறிக்கையால் உங்கள் மகனுக்குப் பயனில்லை. வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது சொன்னால் பணத்தையும் காலத்தையும் அதில் போடாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் கண் மருத்துவர் அமைப்பும் 2009இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, அவற்றுக்குப் போதிய சான்று இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வீட்டில் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், தவறாமல். ஒரு குறியை எடுத்துக்கொள்ளுங்கள், துணைக்கால் மட்டும். கல்–கால், பல்–பால், படம்–பாடம் என்று வாயால் சொல்லி, நீளும் ஒலியைக் கையை நீட்டிக் காட்டி, பிறகு எழுதி, பிறகு வாசிக்க வையுங்கள். அது உறுதியான பிறகுதான் அடுத்த குறி. நேற்றையதை இன்றும் தொட்டுவிட்டுப் போங்கள். பிழையான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்லாதீர்கள். இரண்டாவது முறையிலிருந்து கைதான் எழுதும், ஒலி அங்கே இருக்காது. இரவில் அவன் வாசிக்கத் தேவையில்லாமல், அவன் அறிவுக்குத் தகுந்த கதையை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். எட்டு வயதுக் கற்பனைக்கு ஐந்து வயதுப் புத்தகம் சோறு போடாது.

ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டு வேண்டுகோள்கள் மட்டும் வையுங்கள்: முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பின் முன்னே எழுந்து வாசிக்கச் சொல்ல வேண்டாம், சமூக அறிவியலிலும் அறிவியலிலும் விடை தெரியுமா என்று வாய்மொழியாகவும் கேட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் காரணம் புரிந்ததும் செய்துவிடுகிறார்கள்.

பையனிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. அவன் மட்டும் தன்னை மக்கு என்று எப்போதோ முடிவு கட்டியிருப்பான். "எழுத்தை ஒலியாக மாற்றுவது உனக்குக் கடினமாக இருக்கிறது. உன்னைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள். அதை வேறு முறையில் சொல்லித்தர முடியும், நாம் சேர்ந்து செய்வோம்" என்று இன்றைக்கே சொல்லுங்கள்.

அந்தச் சொல்வதை எழுதும் தாள்களைக் கிழித்துப் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒரு கோப்பில் வையுங்கள். மதிப்பீட்டுக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியலை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை, அந்தக் கோப்பை எடுத்துச் செல்லுங்கள்.